ஊர்ச் சங்கத் தளத்துக்கு ஒரு செய்தியோடைப் பலகை

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே இருக்கும் ஓர் ஊரின் சங்கத்துக்காக வேர்ட்பிரஸ் (இணையத்தளம் நடத்த உதவும் மென்பொருள்) ப்ளக்இன் ஒன்று, அதாவது கூடுதல் வசதி தரும் துணைநிரல், எழுதிக் கொடுத்தேன். தளத்தில் வரும் செய்திகளில் தனக்கு வேண்டிய வகையை மட்டும் ஒருவர் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த வகையில் புதிதாக எது போட்டாலும் அவர் போனுக்குத் தானே வந்து சேரவேண்டும். உள்ளே ஓடுவது பழைய ஆர்எஸ்எஸ்தான் (RSS): தளத்தின் புதுச் செய்திகளைச் செயலிகள் படிக்கும் வடிவில் பட்டியலிட்டுத் தரும் செய்தியோடை. வேர்ட்பிரஸ் அதைத் தானாகவே தருகிறது, எனவே அந்தப் பகுதி சீக்கிரம் முடிந்தது. பயன்படுத்துகிறவர் கண்ணில் படும் பக்கத்தில், அதாவது பலகையில், எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதில்தான் உழைப்பு முழுவதும் போயிற்று. வேறு ஊர்ச் சங்கங்களுக்கும் இதே வேலை தேவைப்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் யாருக்கு என்று சொல்லவேண்டும். செட்டிநாட்டு ஊர்களுக்கே உரிய நிலைமை அங்கேயும் உண்டு. பெரிய வீடுகளில் பல பூட்டியிருக்கும். வீட்டுக்காரர்கள் சென்னை, கோவை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இருப்பார்கள். படைப்புக்கும் (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் குடும்ப வழிபாடு) திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து கூடுவார்கள். சங்கத்தின் பதிவேடு புள்ளிக் கணக்கில் நடக்கிறது. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. ஆனால் ஊரில் அன்றாடம் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் எந்தப் புள்ளியிலும் சேராதவர்கள்: கடைக்காரர்கள், ஆசிரியர்கள், விவசாயிகள், பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள். சங்கத் தளத்தை இவர்களும்தான் பார்க்கிறார்கள். நாளைக்குக் கரண்டு இருக்காது என்ற செய்தி சிங்கப்பூரில் இருப்பவருக்கு வேண்டாம். ஊரில் மாவு மில் வைத்திருப்பவருக்கு அதைவிட முக்கியமான செய்தி கிடையாது. எல்லாவற்றையும் ஒரே போன் குழுவில் கொட்டினால் இரண்டு பேருக்கும் பயன் இல்லை.

வேலை தொடங்கும்போதே செயலாளர் அண்ணன் ஒன்று கேட்டார். "தம்பி, எல்லார் போன் நம்பரையும் வாங்கி வச்சுக்கிட்டா நாமளே அனுப்பிடலாமே?" அனுப்பலாம். ஆனால் அப்படி ஒரு பட்டியல் வந்துவிட்டால் அதைக் காப்பாற்றும் பொறுப்பும் சங்கத்தின் தலையில் ஏறும். யார் கையில் அந்தக் கோப்பு இருக்கிறது, காரியக்கார் (சங்க நிர்வாகத்தைப் பார்க்கிறவர்) மாறும்போது யாருக்குப் போகிறது, தன் எண்ணை நீக்கச் சொல்கிறவருக்கு யார் பதில் சொல்வது என்று ஒவ்வொன்றும் எழும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் கேட்டு வாங்கு, வேண்டாமென்றால் நீக்கு என்று சொல்கிறது. செய்தியோடையில் இந்தக் கவலை எதுவும் இல்லை. தளம் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை (செயலிகள் படிக்கும்படி குறியிட்ட எழுத்துக் கோப்பு) வைத்திருக்கிறது; வாசகரின் செயலி அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்து, புதிதாக இருந்தால் எடுத்துக்கொண்டு போகிறது. அவர் யாரென்று சங்கத்துக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. நிறுத்த வேண்டுமானால் அவர் கையிலேயே நிறுத்திக்கொள்ளலாம். ஊர்ச் செய்தி கேட்க வருகிறவரிடம் விலாசம் கேட்காமல் கொடுப்பதுதான் முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அண்ணனும் யோசித்துப் பார்த்துச் சரி என்றார்.

அடுத்த தடை, செய்தியோடைக்கென்று உள்ள அந்த ஆரஞ்சுச் சின்னம். ஆர்எஸ்எஸ் 1999-ல் நெட்ஸ்கேப்பில் பிறந்தது, 2.0 பதிப்பு 2002-ல் வந்தது. ஆட்டம் (Atom) என்ற இன்னோர் ஓடை வடிவம் 2005-ல் தரமாயிற்று. ஒரு காலத்தில் உலாவியின் முகவரிப் பட்டையிலேயே அந்தச் சின்னம் மின்னும், தொட்டால் சேர்ந்துவிடும். ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ல் மூடப்பட்டது. 2018 டிசம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 64 செய்தியோடை வசதிகளை எடுத்துவிட்டது. அதன்பிறகு இணையத்துக்கு வந்தவர்களுக்கு அந்தச் சின்னம் எதையும் சொல்வதில்லை. கிடைக்கிற ஆயத்த ப்ளக்இன்கள் பலவும் இன்னும் அந்தச் சின்னத்தை ஓர் ஓரத்தில் ஒட்டி, பக்கத்தில் ஆர்எஸ்எஸ், ஆட்டம் என்று இரண்டு இணைப்பு கொடுத்து நின்றுவிடுகின்றன. வாசகர் எதற்காக வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இன்றைய செயலிகள் இரண்டையுமே படிக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் வடிவத்தின் பெயரே கிடையாது. உள்ளே ஆர்எஸ்எஸ் 2.0 மட்டும்.

பக்கத்தின் முதல் வரைவில் வகைகளின் பட்டியலும் பக்கத்தில் கட்டங்களும் மட்டும் வைத்திருந்தேன்: கோயில், படைப்பு, நல்லது கெட்டது, பள்ளிக்கூடம், மின்தடை, குடிநீர், சங்கக் கூட்டம். அதை ஒரு டேப்லெட்டில் போட்டு ஓர் ஆச்சியிடம் காட்டினேன். மகன் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் தினமும் பத்திரிகை படிக்கிறவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். தொடவில்லை. "இத அமுக்குனா என்னப்பா வரும்? அத முதல்ல காட்டு, அப்புறம் அமுக்குறேன்" என்றார்.

பலகையின் வடிவம் அந்த வாக்கியத்திலிருந்து வந்தது. இப்போது மேலே கட்டங்கள். அதற்குக் கீழேயே, 'இப்படி வரும்' என்ற தலைப்பில் கடைசி 3 செய்திகள். ஒரு கட்டத்தைத் தொட்டதும் கீழே உள்ளவை மாறும். இந்த முன்னோட்டத்தைத் தயாரிக்க வேர்ட்பிரஸ்ஸின் ரெஸ்ட் ஏபிஐ (நிரல்கள் தளத்திடம் தகவல் கேட்டு வாங்கும் வாசல்) வழியாகப் பதிவுகளை எடுப்பது எளிது. ஆனால் அங்கே கிடைப்பதும் ஓடையில் போவதும் ஒன்றாக இருக்கும் என்று உறுதி கிடையாது. சுருக்கம் வேறாக இருக்கலாம், படம் விடுபடலாம். அதனால் முன்னோட்டம், வாசகரின் செயலி எந்த முகவரியைப் படிக்கப் போகிறதோ அதே முகவரியைப் படித்துக் காட்டுகிறது. ஒரே தளத்துக்குள் நடப்பதால் உலாவி தடுக்காது. ஓடையில் ஏதாவது கோளாறு இருந்தால் இந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

முன்னோட்டத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: மாதத்துக்கு ஏறக்குறைய எத்தனை செய்தி வரும் என்பது. மக்கள் இப்படிப்பட்ட பொத்தானைத் தொடத் தயங்குவதற்குப் பெரிய காரணம் வந்து குவிந்துவிடுமோ என்ற பயம். கடந்த ஓர் ஆண்டின் பதிவுகளை வகைவாரியாக எண்ணிச் சராசரி போட்டால் போதும் என்று தோன்றும். நம் ஊர்ப்பக்கம் அது போதாது. தையில் பொங்கல், பூசம், பழனிக்கு நடந்துபோகும் காவடிகள் குன்றக்குடியில் கூடும் நாள் என்று அறிவிப்புகள் அடுக்கடுக்காக வரும். ஐப்பசியில் அவ்வளவு இருக்காது. அதனால் சராசரியோடு, அதிகம் வரும் மாதத்தின் பெயரையும் அந்த வரி சொல்கிறது. தையில் கூடுதலாக வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் தையில் கோபித்துக்கொண்டு நிறுத்தமாட்டார்.

கட்டங்களுக்கும் மேலே இரண்டு பெரிய பொத்தான்கள் வைத்தேன்: 'ஊரில் இருக்கிறேன்', 'வெளியூரில் இருக்கிறேன்'. முதலாவதைத் தொட்டால் மின்தடை, குடிநீர், பள்ளிக்கூடம், கோயில் நான்கும் குறியாகும். இரண்டாவதைத் தொட்டால் கோயில், படைப்பு, நல்லது கெட்டது, சங்கக் கூட்டம். பிறகு கூட்டலாம், குறைக்கலாம். ஒன்றுமே குறிக்காத வெற்றுப் பட்டியலோடு தொடங்கினால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எல்லாம் குறித்த பட்டியலோடு தொடங்கினால் அது நாம் அவர்கள்மேல் திணிப்பது. இது நடுவழி. பொத்தான் உயரம் 48 பிக்சலுக்குக் குறையாமலும், எழுத்து வரிகளுக்கு இடையே தாராளமாகவும் விட்டேன். தமிழில் மேலே புள்ளியும் கீழே சுழியும் இருப்பதால், ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளி நெருக்கமாகிவிடும். கட்டத்துக்கும் அதன் பெயருக்கும் லேபல் கட்டிவிட்டால் பெயரைத் தொட்டாலும் குறி விழும். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி.

முகவரி என்ன வடிவில் இருக்கவேண்டும் என்பதற்குத் தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. வேர்ட்பிரஸ்ஸில் வகைக்குத் தமிழில் பெயர் வைத்தால் முகவரித் துண்டும் தமிழிலேயே உருவாகும். பார்க்க அழகு. ஆனால் இணைப்பை நகலெடுத்தால் அது சதவீதக் குறிகளாக விரியும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (எழுத்து, கொம்பு, மெய்யின் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குறியீடு) 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9. 'கோயில்' என்ற சொல்லே 54 எழுத்தாகிவிடும். தரவுத்தளத்தில் அந்தத் துண்டுக்கு உள்ள இடம் 200 எழுத்து. அதாவது புள்ளியும் கொம்பும் உட்பட 22 குறியீடுகளுக்குமேல் தாங்காது. நீளமான வகைப் பெயர் நடுவிலேயே வெட்டுப்படும்.

இன்னொரு சிக்கல், வகைப் பெயரை நாளைக்குச் சங்கம் மாற்றலாம். ஆனால் ஒருவர் செயலியில் ஒருமுறை ஒட்டிய முகவரி வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஆகவே பெயரை விட்டுவிட்டு வகையின் எண்ணைக் கொண்டு முகவரி அமைத்தேன்: தளத்தின் பெயர், பிறகு ஓடை என்பதன் சுருக்கம், பிறகு 3-7-12 என்பது போல எண்கள். பெயர் மாறினாலும் எண் மாறாது. எந்த வரிசையில் தொட்டாலும் எண்கள் ஏறுவரிசையில்தான் அமையும். இல்லையென்றால் 7-3 என்றும் 3-7 என்றும் ஒரே ஓடைக்கு இரண்டு முகவரி உண்டாகி, கேச்சில் (மறுபடி கேட்டால் உடனே தர எடுத்து வைக்கும் இடம்) இரண்டு பிரதி கிடக்கும். எண்களைக் கேள்விக்குறிக்குப் பின்னால் வைக்காமல் பாதையிலேயே வைத்ததற்கும் காரணம் கேச்தான். சில கேச் அமைப்புகள் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைக் கண்டுகொள்வதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் யார் எதைக் கேட்டாலும், முதலில் கேட்டவருக்குப் போன ஓடையே எல்லாருக்கும் போகும். ஒரு வகையை எடுத்தே தீரவேண்டுமென்றால் 301 ('நிரந்தரமாக இடம் மாறியது' என்ற குறிப்பு) கொடுத்துப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடலாம். நல்ல செயலிகள் முகவரியைத் தாமே மாற்றிக்கொள்ளும்.

தமிழ் எழுத்தால் வரும் உடைசல்களைச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் ஆங்கிலத் தளங்களை வைத்து எழுதிய வழிகாட்டிகளில் இவை அகப்படா.

ஓடையில் வெளியீட்டுத் தேதி ஆங்கிலக் கிழமை, ஆங்கில மாதப் பெயரோடுதான் இருக்கவேண்டும்; தரம் அப்படி. வேர்ட்பிரஸ்ஸின் சொந்த ஓடை அதைச் சரியாகச் செய்கிறது. ஆனால் நாமே ஓடை வார்ப்புரு எழுதி, தளத்தின் மொழி தமிழாக இருந்து, மொழிபெயர்க்கும் தேதிச் செயற்கூறை (function) அழைத்தால் அங்கே 'வியாழன்', 'ஜனவரி' என்று வந்து உட்காரும். சில செயலிகள் அந்தத் தேதியைத் தூக்கி எறிந்துவிட்டு, தாம் படித்த நேரத்தையே போட்டுக்கொள்ளும். போன வருடச் செய்தியெல்லாம் இன்று வந்ததாகத் தெரியும். மொழிபெயர்க்க வேண்டாம் என்ற அளபுருவைக் கொடுத்து அழைக்கவேண்டும்.

சுருக்கம் வெட்டுவது அடுத்தது. பைட் கணக்கில் வெட்டும் சாதாரணச் செயற்கூறு 3 பைட்டின் நடுவிலும் வெட்டிவிடும். ஆங்கிலத்தில் அது தெரியாது. தமிழில் அந்த அரைகுறை பைட் காரணமாக முழு எக்ஸ்எம்எல்லும் செல்லாததாகி, ஓடையே திறக்காது. பல பைட் எழுத்துக்கென்றே உள்ள எம்பி (mb) வகைச் செயற்கூறு பைட்டைக் காப்பாற்றும்; ஆனால் உயிர்மெய்யைக் காப்பாற்றாது, 'கோ' இருந்த இடத்தில் 'க' என்று நிற்கும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் இன்டல் நீட்சியில் உள்ள கிராபீம் செயற்கூறு முழு எழுத்தாக வெட்டும். அதைவிட நல்லது சொல் முடியும் இடத்தில் வெட்டுவது. வேர்ட்பிரஸ் வழக்கமாக 55 சொல் எடுக்கும். தமிழில் ஒரு சொல்லுக்குள் நிறைய அடங்கும் என்பதால் 30 போதும் என்று வைத்தேன்.

அச்சகத்திலிருந்து வரும் வாசகமும் கவனிக்க வேண்டியது. அழைப்பிதழ் அடிக்கிறவர் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வைத்திருந்ததை மாற்றி அனுப்பும்போது, கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். செங்குத்து டேப் போன்றவற்றை எக்ஸ்எம்எல் 1.0 ஏற்காது. ஒரே ஒரு குறி போதும், ஓடை மொத்தமும் நின்றுவிட. பதிவைச் சேமிக்கும்போதே அவற்றைத் துடைக்கும் வடிகட்டி ஒன்றைச் சேர்த்தேன். முடித்ததும் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் ஓடைச் சோதிப்பானில் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

பலகை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே போடுகிற செய்தி சரியில்லையென்றால் பயனில்லை. சங்கத் தளத்தின் பழைய பதிவுகளைப் பார்த்தேன். 'அறிவிப்பு', 'முக்கிய அறிவிப்பு', மறுபடியும் 'அறிவிப்பு' என்று தலைப்புகள். உள்ளே அழைப்பிதழின் படம் மட்டும். செயலியில் வாசகர் முதலில் பார்ப்பது தலைப்பைத்தான். சில சமயம் அதை மட்டும்தான். ஆகவே பதிவு போடுகிறவருக்கும் ஒரு சின்னப் படிவம் செய்தேன்: என்ன, எந்த நாள், எத்தனை மணி, எங்கே. நான்கையும் நிரப்பினால் தலைப்பு தானே அமையும்: 'புரவி எடுப்பு, ஞாயிறு மாலை 4 மணி, ஐயனார் கோயில்'. படம் அதன் கீழே. நேரத்தோடு 'இந்திய நேரம்' என்பதும் தானே சேரும். வெளியீட்டுத் தேதியைச் செயலி அந்தந்த ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும், வாசகத்துக்குள் எழுதிய நேரத்தை மாற்றாது. சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். கோயிலில் நடப்பதைப் போனில் நேரலையாகப் பார்க்கக் காத்திருக்கிறவருக்கு இந்த இரண்டரை மணி பெரிது.

தேதி மாறும்போது என்ன செய்வது? பழைய பதிவையே திருத்தினால் அதன் அடையாள எண் மாறாது. பல செயலிகள் அதை ஏற்கெனவே படித்ததாகவே வைத்திருக்கும், வாசகருக்குத் தெரியவே தெரியாது. அதனால் படிவத்தில் 'நாள் மாறியது' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது பழைய பதிவில் மாற்றத்தைக் குறித்துவிட்டு, புதிய குறும்பதிவு ஒன்றையும் போடும். இதற்கு நேர்மாறான எச்சரிக்கை ஒன்று: தளத்தை எச்டிடிபிஎஸ்-க்கு (பாதுகாப்பான இணைப்புக்கு) மாற்றும்போது தரவுத்தளத்தில் எல்லா முகவரிகளையும் ஒரே வீச்சில் மாற்றுகிற பழக்கம் உண்டு. அடையாள எண்ணும் முகவரி வடிவில்தான் இருக்கும்; அது இருக்கும் நெடுவரிசையை மட்டும் தொடக்கூடாது. தொட்டால் பழைய செய்தி எல்லாம் புதிய செய்தியாகக் கிளம்பும். போன வருடக் கேதச் (சாவுச்) செய்தி ஒருவர் போனில் இன்று வந்து நிற்பது சாதாரண விஷயம் இல்லை.

கேதச் செய்திக்கு இந்த ஓடையை நம்பவேண்டாம் என்று பலகையிலேயே எழுதியிருக்கிறேன். செயலிகள் மணிக்கொருமுறையோ அதைவிடத் தாமதமாகவோதான் எட்டிப் பார்க்கும். வெப்சப் என்ற முறையில் உடனே தள்ளலாம்தான், ஆனால் எல்லாச் செயலியும் அதைக் கேட்பதில்லை. உடனே தெரியவேண்டியதை ஊரில் இன்னும் ஆள்விட்டும் போன் போட்டும்தான் சொல்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும். மற்றபடி முழு வாசகமும் ஓடையில் போகும், வைஃபை இருக்கும்போது இறக்கி வைத்துச் சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம் என்பதற்காக. 'நல்லது கெட்டது' வகை மட்டும் விலக்கு. அதில் வீட்டு விலாசமும் போன் எண்ணும் இருக்கும். ஓடை ஊர் அறிந்தது. யாரும் எடுக்கலாம், எந்திரங்களும் எடுக்கும். அந்த வகைக்குத் தலைப்பும் இரண்டு வரியும் மட்டுமே போகும், எண்களை ப்ளக்இன் நீக்கிவிடும்.

கடைசிப் படி, முகவரியைச் செயலியில் சேர்ப்பது. ஆண்ட்ராய்டுக்கு ஃபீடர், ஐபோனுக்கு நெட்நியூஸ்வயர், கணினிக்குத் தண்டர்பேர்ட் என்று ஒவ்வொன்று மட்டும் பரிந்துரைத்தேன். மூன்றும் இலவசம், திறமூலம், கணக்கு தொடங்கச் சொல்லாதவை. நகலெடுக்கும் பொத்தான் எச்டிடிபிஎஸ் தளத்தில்தான் வேலை செய்யும், சில செயலிகளுக்குள் திறக்கும் உலாவியில் அப்போதும் செய்யாது. எனவே முகவரியை ஒரு பெட்டியில் எழுத்தாகவும் காட்டினேன். அழுத்திப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம். முகவரியைச் செயலியில் ஒட்டாமல் உலாவியிலேயே தட்டிவிடுகிறவர்களும் இருப்பார்கள். சில உலாவி குறியீட்டைக் காட்டும், சில கோப்பாக இறக்கும். இதற்கு எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல்லைச் சாதாரணப் பக்கமாக மாற்றிக் காட்டும் முறை) கொண்டு அழகுபடுத்துவது பழைய வழி. குரோம் அந்த ஆதரவை நிறுத்தப்போவதாக 2025-ல் அறிவித்துவிட்டதால் அதைத் தொடவில்லை. தோற்றத்தை அமைக்கும் சாதாரண சிஎஸ்எஸ் கோப்பை இணைத்து, தலைப்புகள் மட்டும் தெரியும்படி செய்து, மேலே 'இந்த முகவரியைச் செயலியில் ஒட்டவும்' என்று ஒரு வரி வைத்தேன்.

மறுமொழிகளுக்கென்று வேர்ட்பிரஸ் தானாக அறிவிக்கும் ஓடையையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தள முகவரியைச் செயலியில் கொடுப்பவருக்கு இரண்டு ஓடை காட்டி எது வேண்டும் என்று கேட்கும்.

'ஊரில் இருக்கிறேன்' ஓடைக்கு ஒரு க்யூஆர் அச்சடித்துச் சங்கக் கட்டட அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். முகவரி குட்டையாக இருப்பதால் கட்டங்கள் பெரிதாக விழுந்து, பழைய போனிலும் சட்டென்று பிடிக்கிறது. ஆச்சி டேப்லெட்டில் கோயிலும் படைப்பும் குறித்துக்கொண்டார்; முன்னோட்டத்தைப் படித்துவிட்டுத்தான் அமுக்கினார். அடுத்து, படிவத்தில் நாளும் நேரமும் தனித்தனியாக இருப்பதால் அதே எண் முறையில் ஒரு நாள்காட்டிக் கோப்பும் தருவதாக இருக்கிறேன். திருவிழா நாள் நேரே போன் காலண்டரில் ஏறிவிட்டால், வெளியூரில் இருப்பவர் டிக்கெட் போட வசதி.